ஒரு சட்டமன்றம், ஆறு முகவரிகள்: எங்கே போனாலும் ஏன் கோட்டைக்கே திரும்புகிறது?

'ஸ்டார் வார்ஸ்' படம் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சி மறக்காது. ஒரு பிரமாண்ட வட்ட மண்டபம். சுவர் முழுக்க வரிசை வரிசையாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட மிதக்கும் மேடைகள். ஒவ்வொன்றிலும் ஒரு கிரகத்தின் பிரதிநிதி. நடுவில் உயர்ந்து நிற்கும் ஒரே தூணில் அவைத் தலைவர். பேச வேண்டியவரின் மேடை சுவரிலிருந்து கழன்று, பறந்து நடுவுக்கு வரும். இதுதான் அந்தக் கற்பனைக் குடியரசின் 'கேலக்டிக் செனட்'.

அந்த மண்டபத்தின் உள்ளமைப்பு பல இளைஞர்களுக்கு அத்துப்படி. ஆனால், தங்கள் ஓட்டில் ஜெயித்த எம்.எல்.ஏ. போய் உட்காரும் மண்டபம் எப்படி இருக்கும், யார் கட்டியது, எத்தனை பேர் உட்காரலாம் என்று கேட்டால்? "கோட்டையில இருக்கு"ங்கிறதோடு பதில் முடிந்துவிடும்.

கோட்டையில்தான் இருக்கிறது. ஆனால், எப்போதுமே அங்கே இருந்ததில்லை. 1921-ல் தொடங்கி இந்த அவை சென்ட்ரலுக்குப் பக்கத்திலும் மெரினாவிலும் ஊட்டியிலும் கூடியிருக்கிறது. அதற்கென்றே கட்டிய புத்தம் புது மாளிகை, ஒரு வருஷத்தில் கைமாறி இன்று ஆஸ்பத்திரியாக இருக்கிறது. இந்தக் கதையின் ஒரு முனை திண்டுக்கல் பேகம்பூரில் இருக்கிறது.

பேகம்பூருக்கும் சட்டமன்றத்துக்கும் என்ன சம்பந்தம்?

திண்டுக்கல் மலைக்கோட்டையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது பேகம்பூர் பெரிய பள்ளிவாசல். ஹைதர் அலியின் சகோதரி அமீருன்னிஷா பேகம் அடங்கிய இடம் அது. ஊருக்குப் பெயர் வந்ததும் அவரால்தான். 1755-ல் மைசூர் அரசின் ஃபவுஜ்தாராக, அதாவது படை அதிகாரியாக, திண்டுக்கல்லுக்கு வந்தவர் ஹைதர் அலி. அவருடைய அரசியல் வளர்ச்சிக்குப் படிக்கல்லாக இருந்தது இந்த ஊர்தான்.

அவருக்குப் பின் மகன் திப்பு சுல்தான். மூன்றாம் மைசூர் போரில் தோற்று, 1792 ஸ்ரீரங்கப்பட்டின ஒப்பந்தத்தின்படி திண்டுக்கல்லைக் கிழக்கிந்திய கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். 1799-ல் போர்க்களத்திலேயே உயிரை விட்டார்.

அந்த வெற்றியைக் கொண்டாட, சென்னையில் கவர்னர் மாளிகைத் தோட்டத்தில் ஆங்கிலேயர்கள் ஒரு விருந்து மண்டபம் கட்டினார்கள். பெயரே 'பாங்க்வெட்டிங் ஹால்'. கம்பெனியின் வானியலாளரும் பொறியாளருமான ஜான் கோல்டிங்ஹாம் வடிவமைக்க, 1802-ல் திறக்கப்பட்டது. அகலமான படிக்கட்டு, கிரேக்கக் கோயில் பாணித் தூண்கள், மேலே வெற்றிச் சின்னங்கள். இன்று அதன் பெயர் ராஜாஜி ஹால். எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கருணாநிதி ஆகியோரின் உடல்கள் மக்கள் அஞ்சலிக்கு வைக்கப்பட்ட அதே படிக்கட்டுதான்.

திப்புவை வீழ்த்தியதற்காகக் கட்டிய மண்டபத்தில், 1938 ஜனவரி முதல் 1939 அக்டோபர் வரை மக்கள் தேர்ந்தெடுத்த சென்னை மாகாணச் சட்டமன்றம் கூடியது. பேகம்பூரின் கதையும் சட்டமன்றத்தின் கதையும் தொட்டுக்கொள்ளும் இடம் இது.

முதல் முகவரி: கறுப்புத் தூண்கள் நிற்கும் கோட்டை

1640-ல் உருவான புனித ஜார்ஜ் கோட்டை ஒரு வியாபாரக் கம்பெனியின் கிடங்கு. பாதுகாப்புக்காகச் சுற்றி மதில். அதற்குள் மக்கள் மன்றம் வரும் என்று கட்டியவர்கள் கனவில்கூட நினைத்திருக்க மாட்டார்கள்.

1861 சட்டம் வந்தபிறகு கவர்னருக்கு ஆலோசனை சொல்ல ஒரு சிறிய கவுன்சில் அமைந்தது. ஆலோசனை மட்டும்தான், கேட்பதும் கேட்காததும் கவர்னர் இஷ்டம். 1892, 1909 சீர்திருத்தங்களில் உறுப்பினர் எண்ணிக்கை கொஞ்சம் கொஞ்சமாகக் கூடியது. 1919 சட்டத்துக்குப் பிறகுதான் நேரடித் தேர்தல். சொத்தும் வரியும் உள்ள ஒரு சிறு பகுதியினர் மட்டும் ஓட்டுப் போட்டு, 98 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். நியமன உறுப்பினர்களும் சேர்ந்த அந்த மேலவையை 1921 ஜனவரி 12-ல் கன்னாட் கோமகன் தொடங்கிவைத்தார். இடம்: கோட்டைக்குள் இருந்த கவுன்சில் கூடம்.

கோட்டைக் கட்டடத்தின் முகப்பில் பளபளக்கும் கறுப்புக் கல் தூண்களைக் கவனித்திருக்கிறீர்களா? அவை சட்டமன்றத்தைவிட அதிகம் அலைந்தவை. 1732 வாக்கில் கடல் வாசலிலிருந்து கோட்டைக்குள் வரும் பாதைக்கு நிழலாக இந்தத் தூண்வரிசை நிறுத்தப்பட்டது. 1746-ல் மெட்ராஸைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் தூண்களைப் பெயர்த்து பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோனார்கள். 1761-ல் பாண்டிச்சேரி விழுந்ததும் ஆங்கிலேயர்கள் அவற்றைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். பிற்பாடு அவற்றில் பல இந்தக் கட்டடத்தில் சேர்ந்தன.

சபாநாயகரின் நாற்காலிக்கும் ஒரு வரலாறு உண்டு. 1922 மார்ச்சில் கவர்னர் வெலிங்டன் பிரபுவும் அவர் மனைவியும் மேலவைக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது அது.

ஏன் வீடு மாறிக்கொண்டே இருந்தது?

காரணம் ரொம்ப எளிது. இடம் பத்தவில்லை! ஓட்டுரிமை விரிய விரிய உறுப்பினர்கள் கூடினார்கள். கூடம் மட்டும் அதே அளவில் நின்றது.

1937, செனட் ஹவுஸ்: 1935 சட்டப்படி பேரவை, மேலவை என இரண்டு அவைகள் வந்தன. பேரவைக்கு மட்டும் 215 பேர். கோட்டைக் கூடம் தாங்காது. ஜூலை 14-ல் ராஜாஜி அமைச்சரவையின் முதல் கூட்டம், மெரினாவில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் ஹவுஸில் நடந்தது. ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879-ல் முடிந்த இந்தோ-சாரசெனிக் கட்டடம் அது. 'கேலக்டிக்' இல்லையே தவிர, நம்ம சட்டமன்றமும் ஒரு 'செனட்'டில் கூடியது உண்மை.

1938-39, ராஜாஜி ஹால்: இரண்டாம் உலகப் போரில் இந்தியர்களைக் கேட்காமலேயே இந்தியாவை பிரிட்டன் இழுத்துவிட்டதை எதிர்த்து காங்கிரஸ் அமைச்சரவை பதவி விலகியது. அவையும் நின்றுபோனது.

1946-52, மறுபடி கோட்டை: நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்தபோது அவை இங்கேதான் இருந்தது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-லேயே மேலவையில் கொண்டுவந்த தேவதாசி ஒழிப்புத் தீர்மானம், முழுச் சட்டமாக நிறைவேறியது 1947-ல்.

1952-56, அரசினர் தோட்டம்: வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. இன்றைய ஆந்திரம், கேரளம், கர்நாடகத்தின் பகுதிகளும் சேர்ந்திருந்த மாகாணம் என்பதால் உறுப்பினர்கள் 375 பேர். அவர்களுக்காக அரசினர் தோட்டத்தில் அவசரமாக ஒரு கூடம் எழுப்பப்பட்டது. பின்னாளில் அது பாலர் அரங்கம் ஆகி, அதன்பின் கலைவாணர் அரங்கம் என்று பெயர் பெற்றது.

1957, கோட்டை: ஆந்திரம் பிரிந்தது, மொழிவாரி மாநிலங்கள் அமைந்தன. உறுப்பினர்கள் 205 ஆகக் குறைந்ததும் அவை கோட்டைக்குத் திரும்பியது.

1959, ஊட்டி: ஏப்ரல் 20 முதல் 30 வரை மட்டும் அரண்மூர் மாளிகையில் கூடியது. சென்னையை விட்டு அவை வெளியூர் போனது இதற்காகத்தான்.

1967-ல் தொகுதிகள் 234 ஆயின. அதே ஆண்டு ஜூலை 18-ல் 'தமிழ்நாடு' என்ற பெயருக்கான தீர்மானம் இந்தக் கோட்டைக் கூடத்தில் ஒருமனதாக நிறைவேறியது. 1989-ல் குடும்பச் சொத்தில் பெண்களுக்குச் சமபங்கு தரும் சட்டம் வந்ததும் இங்கேதான். மத்திய அரசு அதே உரிமையை நாடு முழுக்கக் கொண்டுவர 2005 வரை ஆனது.

கோட்டையில் என்னதான் பிரச்சினை?

மூன்று பிரச்சினைகள்.

ஒன்று, இடம் மாநில அரசுக்குச் சொந்தமில்லை. கோட்டை வளாகம் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கிறது. ராணுவ அலுவலகங்களும் உள்ளே இயங்குகின்றன.

இரண்டு, அது பாதுகாக்கப்பட்ட நினைவுச்சின்னம். தொல்லியல் துறை அனுமதி இல்லாமல் ஒரு சுவரை இடிக்கவோ, ஒரு மாடி எழுப்பவோ முடியாது.

மூன்று, கூடம் சிறிசு. 234 பேர், அதிகாரிகள், பத்திரிகையாளர்கள், பார்வையாளர்கள் எல்லோருக்கும் சேர்த்து நெருக்கடி. தலைமைச் செயலகத்தின் பல துறைகள் ஏற்கனவே பக்கத்தில் பத்து மாடி நாமக்கல் கவிஞர் மாளிகைக்குப் போய்விட்டன.

அதனால்தான் "புதுக் கட்டடம் வேணும்" என்ற பேச்சு ஆட்சிக்கு ஆட்சி எழுந்தது. 2003-ல் ஜெயலலிதா அரசு மெரினாவில் ராணி மேரி கல்லூரி இருக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தது. 1914-ல் தொடங்கிய பெண்கள் கல்லூரி அது. மாணவிகள் போராட்டத்தில் இறங்கினார்கள். திட்டம் கைவிடப்பட்டது. அடுத்து கோட்டூர்புரம் பக்கம் பார்க்கப்பட்டது. அதுவும் கைகூடவில்லை.

ஓமந்தூரார்: சட்டமன்றமாகக் கட்டி, ஆஸ்பத்திரியாக முடிந்த கதை

2008 நவம்பரில் கருணாநிதி அரசு அண்ணா சாலையோரம் ஓமந்தூரார் அரசினர் தோட்டத்தில் அடிக்கல் நாட்டியது. வடிவமைப்பு ஜெர்மனியின் ஜி.எம்.பி. கட்டடக்கலை நிறுவனம். ஒன்றையொன்று தொட்டு நிற்கும் வட்ட வட்டக் கட்டடங்கள், ஒவ்வொன்றின் நடுவிலும் முற்றம், பேரவைக்கு மேலே உயர்ந்த கோபுரக் கூரை. திராவிடக் கட்டடக்கலையை நவீனமாகச் சொல்லும் முயற்சி என்றார்கள்.

2010 மார்ச் 13-ல் பிரதமர் மன்மோகன் சிங் திறந்துவைத்தார். ஆனால் கூரை வேலை முடியவில்லை. விழாவுக்காக சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி ஒரு தற்காலிகக் கோபுரத்தை செட் போட்டுக் கொடுத்தார். ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் சினிமா செட்டின் கீழ் திறக்கப்பட்டது தமிழ்நாட்டுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய காட்சி! அடுத்த வாரமே அங்கே பட்ஜெட் தாக்கலானது.

2011 மே மாதம் ஆட்சி மாறியது. ஜெயலலிதா கோட்டையிலேயே பதவியைத் தொடர்ந்தார். அவையும் கோட்டைக்கே வந்தது. புதுக் கட்டடம் பல்நோக்கு உயர்சிறப்பு மருத்துவமனை ஆகும் என்று அந்த ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. எதிர்த்து வழக்குகள் போடப்பட்டன. கடைசியில் 2014 பிப்ரவரியில் மருத்துவமனை திறக்கப்பட்டது.

இதை இரண்டு விதமாகப் பார்க்கிறார்கள். "மக்கள் வரிப்பணத்தில் ஒரு வேலைக்காகக் கட்டியதை, கட்சிப் பகையால் வேறு வேலைக்கு மாற்றியது அநியாயம்" என்பது ஒரு தரப்பு. "எம்.எல்.ஏ.க்களுக்கு ஏற்கனவே ஒரு ஹால் இருக்கு, ஏழை நோயாளிக்கு இதயச் சிகிச்சை வார்டு இல்லையே" என்பது இன்னொரு தரப்பு. திண்டுக்கல்லில் இருந்து உயர்சிகிச்சைக்காக ரயிலேறி வரும் ஒரு குடும்பத்துக்கு இரண்டாவது வாதம்தான் மனதுக்கு நெருக்கமாக இருக்கும். ஆனால், ஒரு அரசு கட்டியதை அடுத்த அரசு அதே வேலைக்குப் பயன்படுத்தாது என்றால், இனி யார் துணிந்து நூறு வருஷத்துக்கான பொதுக் கட்டடம் கட்டுவார்கள்? இந்தக் கேள்வி இன்னும் அப்படியே நிற்கிறது.

கொரோனா காலத்தில் கோட்டைக் கூடத்தின் நெருக்கடி மறுபடி வெளிச்சத்துக்கு வந்தது. தனிநபர் இடைவெளி விட்டு உட்கார அங்கே வழியே இல்லை. 2020 செப்டம்பரில் அவை, புதிதாகக் கட்டப்பட்டிருந்த கலைவாணர் அரங்கத்துக்குப் போனது. கிட்டத்தட்ட 1952-ல் கூடிய அதே இடம்! 2022 மார்ச் பட்ஜெட்டுக்குத்தான் கோட்டைக்குத் திரும்பியது.

வட்டமா, எதிரெதிரா? உட்காரும் விதத்தில் என்ன இருக்கு?

நிறைய இருக்கு. லண்டனில் பிரிட்டிஷ் மக்கள் அவையில் ஆளும் தரப்பும் எதிர்த்தரப்பும் நேருக்கு நேர் பெஞ்சுகளில் உட்காருவார்கள். உறுப்பினர்கள் 650 பேர். இருக்கை சுமார் 430 பேருக்குத்தான். 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து அந்த அவை எரிந்தது. திரும்பக் கட்டும்போது பெரிதாக்கலாமா, அரைவட்டமாக்கலாமா என்று விவாதம் வந்தது. பழைய அளவிலேயே, பழைய வடிவத்திலேயே கட்ட வேண்டும் என்று வாதிட்டவர் சர்ச்சில். நெருக்கடியான கூடத்தில்தான் சூடான, நேரடியான விவாதம் நடக்கும் என்பது அவர் கட்சி.

பிரான்சில் அரைவட்டம். 'இடதுசாரி', 'வலதுசாரி' என்ற சொற்களே பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் யார் தலைவருக்கு எந்தப் பக்கம் உட்கார்ந்தார்கள் என்பதிலிருந்து பிறந்தவைதான். இந்திய அவைகளில் சபாநாயகருக்கு வலதுகைப் பக்கம் ஆளுங்கட்சி, இடதுகைப் பக்கம் எதிர்க்கட்சி.

டெல்லியில் 1927-ல் திறந்த பழைய நாடாளுமன்றம் வெளியே 144 தூண்களுடன் முழு வட்டம். 2023 மே 28-ல் திறந்த புதியது முக்கோணம். மக்களவையில் இப்போது 543 உறுப்பினர்கள். இருக்கைகளோ 888! எதிர்காலத்தில் எண்ணிக்கை கூடும் என்ற கணக்கு அதற்குள்ளேயே இருக்கிறது.

இப்போது கேலக்டிக் செனட்டை மறுபடி யோசித்துப் பாருங்கள். அங்கே பக்கத்து இருக்கை என்பதே கிடையாது. ஒவ்வொரு பிரதிநிதியும் தனித்தனித் தீவு. எல்லா முகமும் நடுவில் நிற்கும் ஒரே ஆளைப் பார்த்தபடி. அந்த ஒரே ஆள் குடியரசைப் பேரரசாக அறிவிக்கும்போது மண்டபமே கைதட்டுகிறது. கட்டடம் பெரிதாக இருந்தால் ஜனநாயகமும் பெரிதாக இருக்கும் என்று சொல்ல முடியாது.

சரி, கூடம் எங்கே இருந்தால் என்ன?

இந்தக் கேள்விக்கு உச்ச நீதிமன்றமே மறைமுகமாக ஒரு பதில் சொல்லியிருக்கிறது. தமிழ்நாட்டில் 1976, 1980, 1988, 1991 என நான்கு முறை 356-வது பிரிவின் கீழ் ஆட்சி கலைக்கப்பட்டு, சட்டமன்றமும் கலைந்தது. டெல்லியில் ஒரு கையெழுத்து போதுமாக இருந்த காலம் அது.

1994-ல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கின் தீர்ப்பு வந்தது. ஒரு அரசுக்குப் பெரும்பான்மை இருக்கிறதா என்பதைச் சோதிக்க வேண்டிய இடம் அவைக் கூடம்தான், ஆளுநர் மாளிகை அல்ல என்பது அதன் சாரம். அதற்குப் பிறகு 356 எடுத்த எடுப்பில் பாயும் ஆயுதமாக இல்லை. 234-ல் 118 பேர் எந்தப் பக்கம் என்பதை அந்தச் சிறிய கூடத்துக்குள், எல்லோர் கண்முன்னாலும் எண்ணிக் காட்ட வேண்டும். அந்தக் கூடத்தின் உண்மையான எடை இதில்தான் இருக்கிறது.

அடுத்து என்ன?

மாநிலச் சட்டமன்றங்களின் தொகுதி எண்ணிக்கை பல பத்தாண்டுகளாக உறைய வைக்கப்பட்டிருக்கிறது. 84-வது அரசியல் சட்டத் திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கப்படும் முதல் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வரை அந்த உறைவை நீட்டித்தது. ஒரு மாநிலச் சட்டமன்றத்துக்கு அரசியல் சட்டம் சொல்லும் உச்சவரம்பு 500. இடங்கள் கூடினால், 375 பேரையே தாங்காத கோட்டைக் கூடம் என்ன செய்யும்? மறுபடியும் 'எங்கே கட்டுவது' என்ற பழைய கேள்விதான் வரும். அப்போதாவது கட்டடத்தைப் பற்றிய முடிவு ஒரு கட்சியின் முடிவாக இல்லாமல், எல்லாக் கட்சிகளும் கையெழுத்துப் போட்ட முடிவாக இருந்தால்தான் இன்னொரு ஓமந்தூரார் நடக்காது.

பேகம்பூரில் இருந்து பார்த்தால்...

தொகுதிப் பட்டியலில் திண்டுக்கல்லின் எண் 132. கோட்டை இருப்பது 400 கிலோமீட்டருக்கு அப்பால். மாவட்டத்தின் ஏழு எம்.எல்.ஏ.க்கள் அங்கே என்ன பேசுகிறார்கள் என்பது பெரும்பாலும் ஊருக்குத் தெரியாது. 2022 ஜனவரியில் கேள்வி நேரம் நேரலை ஆனபிறகு இந்தத் தூரம் கொஞ்சம் குறைந்திருக்கிறது. செல்போனிலேயே பார்க்கலாம். நேரில் பார்க்க ஆசை என்றால், எம்.எல்.ஏ. பரிந்துரையோடு அனுமதிச் சீட்டு வாங்கி பார்வையாளர் மாடத்தில் உட்காரலாம்.

அடுத்த முறை சென்னை போகும்போது இன்னொன்றும் செய்யலாம். சென்ட்ரலில் இறங்கி அண்ணா சாலைப் பக்கம் வந்தால் ராஜாஜி ஹால், கலைவாணர் அரங்கம், ஓமந்தூரார் மருத்துவமனை மூன்றும் பக்கம் பக்கமாக நிற்கின்றன. ஒரு நடையில் சட்டமன்றத்தின் மூன்று பழைய முகவரிகளைப் பார்த்துவிடலாம். பேகம்பூர்க்காரர் என்றால் ராஜாஜி ஹால் படிக்கட்டில் இரண்டு நிமிஷம் கூடுதலாக நிற்கலாம். உங்கள் ஊரை ஆண்டவரின் தோல்வியைக் கொண்டாடக் கட்டிய மண்டபத்தில், உங்கள் ஊர் ஓட்டுப் போட்டு அனுப்பிய ஆள் போய் உட்கார 136 வருஷம்தான் ஆனது.